உன் அப்பா இ-சிம் போட்ட கதை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் என் இரண்டு தையல் மிஷின்களும் நலம். அங்கே நீயும், டாக்டர் உன் வயிற்றில் போட்ட தையலும், உனக்குத் துணைக்கு வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு உன்னிடமே காபி கேட்கும் உன் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். உன் போனுக்கு என்ன வந்தாலும் எட்டிப் பார்த்து உரக்கப் படிக்கிற மனிதர் இப்போது உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், நான் எழுதப்போவதோ அவரைப் பற்றி. அதனால்தான் உன் அறைத் தோழியின் பெயருக்கு அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

முதலில் உனக்கு ஒரு பாராட்டு. பித்தப்பையில் கல், அடுத்த மாதம் ஆபரேஷன் என்பதை, இங்கே நல்ல குளிர், புது செருப்பு வாங்கினேன் என்ற இரண்டு செய்திகளுக்கு நடுவில் செருகி அனுப்பினாயே, அந்தத் திறமை எல்லோருக்கும் வராது. யாரும் வர வேண்டாம் என்று வேறு. நாங்களும் அப்படியே கேட்டுக்கொண்டு அன்றைக்கே விசாவுக்கு எழுதிப் போட்டோம். எனக்குக் கிடைக்கவில்லை. உன் அப்பாவுக்குக் கிடைத்தது. நீ அந்த ஊருக்கு வேலைக்குப் போனதிலிருந்து இரண்டு வருஷமாக உன்னோடு ஒரு வார்த்தை பேசாதவர், நீ போன் செய்தால் செய்தித்தாளைக் கூரை மாதிரி தூக்கிப் பிடித்துக்கொள்பவர், அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய அந்த விசா அதிகாரிக்கு ஒரு மாலைதான் போட வேண்டும்.

அங்கே இறங்கியதும் போன் வேலை செய்ய வேண்டும், நீ ஆஸ்பத்திரியில் இருப்பாய், கூட்டிப்போக ஆள் கிடையாது. இ-சிம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், ரொம்ப சுலபம், ஐந்து நிமிஷம் என்று எழுதியிருந்தாய். ஐந்து நாள் ஆயிற்று, கண்ணு. முதல் நாள் போன் கடைக்குப் போனோம். கடைக்கார அம்மா, "இதுக்குத் தனியா சிம் கிடையாதுங்க சார், போனுக்குள்ளேயே இருக்கு" என்றாள். உன் அப்பா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ளே இருந்தா எனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். அந்தப் புண்ணியவதி சிரிக்காமல் ஏதோ நட்சத்திரம், கட்டம் எல்லாம் அழுத்தி, முப்பத்திரண்டு இலக்கத்தில் ஒரு எண்ணைக் காட்டி, இது வந்தால் உங்கள் போனில் இ-சிம் போடலாம் என்று அர்த்தம் என்றாள். அந்த எண்ணை எழுத வேண்டிய அவசியமே இல்லை. உன் அப்பா டைரியில் எழுதிக்கொண்டார், இரண்டு தடவை சரிபார்த்தார்.

அடுத்து எந்த இ-சிம் வாங்குவது. முப்பது வருஷம் சர்வே ஆபீசில் வரைபடம் போட்டவராயிற்றே, என் துணி வெட்டும் மேஜையைப் பிடித்துக்கொண்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பதினொரு கம்பெனிக்கு எட்டு கட்டம் போட்டார். எத்தனை நாள் வரும், எத்தனை ஜிபி, நடுவில் விமானம் மாறுகிற நாட்டிலும் வேலை செய்யுமா, போட்ட அன்றே நாள் கணக்கு தொடங்குமா, அங்கே இறங்கியபின் தொடங்குமா என்று. என்னைக் கட்டிக்கொள்ளும் முன் இதில் ஒரு கட்டமாவது போட்டுப் பார்த்திருந்தால் இரண்டு பேருக்குமே நல்லதாக இருந்திருக்கும். கடைசியில் கடைக்கார அம்மா ஏழு நாளைக்கு இணையம் மட்டும் வருகிற ஒன்றைக் காட்டி, இது போதும், வாட்ஸப்பிலேயே பேசிக்கொள்ளலாம் என்றாள். இவர் ஒரே பிடிவாதம். முப்பது நாள் வேண்டுமாம், அதிலும் சாதாரணமாக நம்பர் அடித்துக் கூப்பிடுகிற வசதியும் கட்டாயம் வேண்டுமாம். "இணையம் வராம போச்சுன்னா என்ன பண்றது? பேசணும்ல" என்றார். யாரிடம் பேசப்போகிறாராம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம்பர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்.

வாங்கியாயிற்று. ஸ்கேன் பண்ண வேண்டிய கியூஆர் கட்டம் அவர் போனுக்கே வந்தது. தன் போனில் இருப்பதைத் தன் போனாலேயே எப்படி ஸ்கேன் பண்ணுவது? அளவு பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று போனைக் கண்ணாடிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். சட்டை தைக்கக் கொடுக்க வந்த பள்ளிக்கூட வாத்தியார் பார்த்துவிட்டு, சார் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறாரா என்று கேட்டார். பிறகு அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பி, அதிலிருந்து ஸ்கேன் பண்ணி, பக்கத்து வீட்டு வைபையில் ஒருவழியாக ஏறிவிட்டது. அத்தோடு விட்டாரா? மறுநாள் மதியம் எடுத்துப் பார்த்திருக்கிறார், சேவை இல்லை என்று காட்டியிருக்கிறது. அந்த நாட்டு சிம் இங்கே எப்படி வேலை செய்யும்? கெட்டுப்போய்விட்டது, எடுத்துவிட்டு மறுபடி போடலாம் என்று அழித்துவிட்டார். ஒரு கட்டத்தை ஒரு தடவைதான் ஸ்கேன் பண்ண முடியுமாம். விமானத்துக்கு இரண்டே நாள். நான் என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன், பாதியை, சட்டை ஆயிற்றா என்று கேட்க வந்த வாத்தியார் கேட்டுவிட்டார், அதுவே போதும்.

அன்று சாயங்காலம் அவர் குளிக்கப் போனபோது போன் ஒலித்தது. கம்பெனியிலிருந்து புதுக் கட்டம் வந்திருந்தது. எப்படி வந்தது என்று மேலே தள்ளிப் பார்த்தேன். எந்த மொழியில் எழுதினாலும் பதில் உண்டு என்று போட்டிருந்ததால் நம் மொழியிலேயே எழுதியிருக்கிறார். மூன்று தடவை, பொறுமைக்கு நன்றி என்று ஒரே பதில், மிஷின் போலிருக்கிறது. நாலாவது தடவை இப்படி எழுதியிருந்தார்: "ஐயா, தவறு என்னுடையது. என் மகளுக்கு அங்கே ஆபரேஷன். இரண்டு வருஷமாக அவளோடு நான் பேசவில்லை, அதுவும் என் தவறுதான். இறங்கியதும் முதலில் அவளைக் கூப்பிட வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை." அதற்குமேல் பதில் போட்டது மிஷின் இல்லை. நான் போனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய் ஒரு காலரைப் பிரித்துத் தைத்தேன். நன்றாக இருந்த காலர்தான்.

இறங்கிய அன்று மூன்று மணி நேரம் ஒரு தகவலும் இல்லை. ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டி வைத்தேன். வெளியூரில் சிக்னல் வரத் தட்ட வேண்டிய ரோமிங் என்ற பொத்தானை மறந்துவிட்டு, அங்கே தரை துடைக்கிற பெண்மணியிடம் போனை நீட்டி, கைஜாடையில் கேட்டுத் தட்டிக்கொண்டாராம். எனக்கு வந்துட்டேன் என்று ஒரே சொல். மற்றதெல்லாம் நீ சொல்லித்தான் தெரியும். டாக்சியில் ஏறியதும் உன்னைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நாற்பது நிமிஷம் வைக்காமல் பேசினாராமே. மன்னிப்பும் இல்லை, எப்படி இருக்கிறாய் என்பதும் இல்லை. "சிவப்பு விழுந்திருக்கு, நிக்கிறோம். இப்ப பச்சை. ஒரு பாலம் வருது. பாலம் தாண்டியாச்சு" என்று ரோட்டை மட்டுமே சொல்லிக்கொண்டு வந்தாராம். ஊசி போட வந்த நர்ஸை நிற்க வைத்துவிட்டு நீயும் ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாயாம். அப்பனும் மகளும் ஒரே வார்ப்பு. எனக்கு இங்கே மூக்கில் ஜலதோஷம், வேறொன்றும் இல்லை.

நீ உடம்பு தேறி, கனம் தூக்காமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நூறு வருஷம் நன்றாக இரு. அவர் எழுதியதை நான் படித்தேன் என்று மூச்சு விடாதே. பத்தொன்பதாம் தேதியோடு அந்த முப்பது நாள் முடிகிறது, முன்னாடியே நீட்டித்துக் கொடு. நீயே பண்ணு, அவர் கையில் கொடுக்காதே. இங்கே வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. அது நன்றாக இல்லை என்பதை அவரிடம் நீயாகச் சொல்வதுபோல் சொல்.

இப்படிக்கு,
விசா கிடைக்காத உன் அம்மா