ஆப்பிள் தோட்டத்துக்கு ஒரு புடவை

மார்ச் 15, ஞாயிறு. கெல்லிவில்.

ஆப்பிள் பறிக்கப் போவதற்கு எதற்குப் புடவை என்று காலையிலேயே கேட்டேன். "ஃபோட்டோல நல்லா இருக்கும்டி, கட்டு" என்றாள் சுதா. கல்லூரிக் காலத்திலிருந்தே அவள் பேச்சை நான் தட்டியதில்லை. இப்போது மதுரையிலிருந்து கடல் தாண்டி இங்கே வந்திருப்பதும் அவளைப் பார்க்கத்தான்.

பில்பின் என்ற ஊரிலிருந்த ஆப்பிள் தோட்டத்தில் அவள் கணவரின் நண்பர் ஒருவரும் அவருடைய அக்காவும் காத்திருந்தார்கள். அவர் மனைவி இறந்துவிட்டாராம். நான் வாளியை எடுப்பதற்குள் அந்த அக்கா, "சமையல்லாம் நல்லா வருமாம்மா? இங்கேயே வந்து செட்டிலாக உங்களுக்குச் சம்மதம்னு சுதா சொன்னாங்களே" என்றார். தம்பி ஒரே ஆப்பிளைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார். பாவம், அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

திரும்பும்போது காரில் சுதாவிடம் கேட்டேன். "முன்னாடியே சொன்னா வந்திருப்பியா நீ? எத்தனை நாளைக்குடி இப்படியே இருப்பே?" என்று சிரித்தாள்.

விவாகரத்துக்குப் பிறகு தனியாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது என்று நான் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன். அவளேதான் இன்று காலை முட்டிபோட்டு உட்கார்ந்து என் கொசுவத்தை நீவிவிட்டாள்.