சட்டி தேய்த்த நிக்கல் நுரை

மடவளை
12.07.1998

அன்பின் அத்தானுக்கு,

நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டுமென்பதுதான் என் ஒரே யோசனை. பதில் எழுதப் பிந்திவிட்டது. கோபிக்காமல் வாசியுங்கள், நல்ல செய்திதான்.

முதலில் பிள்ளை. அபிராமிக்கு இருமல் குறைந்துவிட்டது. ஆனாலும் தூங்கும்போது நெஞ்சில் காதை வைத்துப் பார்க்கிறேன். தை மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு கண்டி டவுனில் தமிழரென்று எங்களுக்கு அறை தர எல்லோருக்கும் பயம். கடைசியில் மடவளையில் இந்த அறை கிடைத்தது. வீட்டுக்காரர் றம்லத் தாத்தா. இங்கே முஸ்லிம் சனம் அக்காவைத்தான் தாத்தா என்கிறார்கள், சிரிக்காதீர்கள். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனால் பிள்ளை அவரிடம்தான்.

என் ஆய்வு உங்களுக்குத் தெரியும். ஜப்பானிலிருந்து வந்த நிக்கல் நுரை, உள்ளங்கை அளவு துண்டு. மெல்லிய கம்பிகள் பின்னிய கூடுகள், பஞ்சு போல எல்லாத் துளையும் திறந்தபடி. அதனூடே சூடு எப்படிப் போகிறதென்று கணினியில் மாதிரி செய்ய வேண்டும். ஆனால் கடந்துபோகுமென்று என் மாதிரி சொன்ன சூடு, அளந்ததைவிட இரண்டு மடங்கு. ஆனி முடிவுக்குள் சரிவராவிட்டால் பட்டம் இல்லை, நிரந்தர விரிவுரையாளர் வேலை இல்லை, அதோடு வரும் குவாட்டர்ஸ் வீடும் இல்லை.

அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து யன்னலில் வைத்திருந்தேன். பின்னேரம் பார்த்தால் காணவில்லை. குசினியில் றம்லத் தாத்தா, சீனிச் சம்பல் அடிப்பிடித்த சட்டியை அதால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கம்பி எந்தக் கடையில வாங்கின புள்ள, நல்லாத் தேயுது, ஆனா சுருக்கா ஒடையுதே என்றார். நான் நிலத்திலேயே குந்தி அழுதுவிட்டேன். பயந்துபோனவர், அழாத புள்ள, பளீல்கிட்டச் சொல்லி ஒரு டசன் எடுத்துத் தாறன் என்றார். பளீல் அவர் கணவர், கடுகஸ்தோட்டையில் சட்டிபானைக் கடை.

மறுநாள் பேராசிரியரிடம் மன்னிப்புக் கேட்கப் போகுமுன், மிஞ்சியதை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பெருப்பித்துப் பார்த்தேன். ஒடிந்த கம்பிகளுக்கெல்லாம் உள்ளே வெறுமை. கம்பியில்லை, குழாய். பஞ்சின் மேல் நிக்கலைப் பூசிவிட்டுப் பஞ்சை எரித்துவிடுகிறார்களாம். நாங்கள் கத்தரித்தால் குழாயின் வாய் நசுங்கிவிடும், அதனால் கண்ணில் படவேயில்லை. ஒருமுறை எடை நிறுத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். இல்லாத உலோகத்தின் வழியாக இத்தனை காலம் சூட்டை ஓடவிட்டிருக்கிறேன்.

கம்பிகளைக் குழாயாக்கிக் கணக்கை ஓட்டினேன். அளந்ததோடு அப்படியே பொருந்தியது. பேராசிரியர் எல்லாம் கேட்டுவிட்டு, சட்டி வெளுத்ததா என்று மட்டும் கேட்டார். ஆய்வேட்டைக் கொடுத்தேன், போன கிழமை வாய்மொழிப் பரீட்சையும் முடிந்தது. பாஸ், அத்தான். ஆவணியிலிருந்து வேலை. றம்லத் தாத்தா தெரு முழுக்கத் தொதல் இனிப்புக் கொடுத்து, புள்ளையப் பாஸாக்கினது நான்தான் என்கிறார்.

நிலைமையைப் பார்த்து வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நிலைமையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடுவாள். கண்ணாடி போட்ட யாரைக் கண்டாலும் அப்பா என்கிறாள், பேராசிரியரையும் விடவில்லை. தரைப்பாதை திறக்கும்வரை காத்திராமல் திருகோணமலைக் கப்பலுக்கு இப்போதே பதியுங்கள். வரிசையில் நிற்கும்போது குடை கொண்டுபோங்கள். யாரோடும் வாய் கொடுக்காதீர்கள்.

குவாட்டர்ஸில் எத்தனை பேர் இருப்பீர்கள் என்று பேராசிரியர் கேட்டார். மூன்று பேர் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். முருகன் துணை. என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதேங்கோ.

உங்கள்
பாமா