அப்பனை உரித்து வைத்தவன்

நான் ஆசைப்பட்டுக் கழுத்தை நீட்டிய என் வீட்டுக்காரருக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வருஷத் திதி. உங்கள் ஊர் நாகரசம்பட்டியில் ஆளுயரத்துக்கு ஃபிளெக்ஸ் வைக்கப் போகிறார்கள். அதில் போட நாலு வரி எழுதித் தரும்படி உங்கள் அக்கா போன் செய்தார். படிக்கிறவர்களுக்கு அழுகை வர வேண்டுமாம். கடைசியில் பிள்ளைகள் பெயர் வர வேண்டுமாம், கவின் பெயர் முதலில். சரிங்க அண்ணி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அவருக்கு நாலு வரி அனுப்பிவிட்டேன், படித்துவிட்டு அழுதாராம். இது உங்களுக்கு. கூட நின்று யார் எட்டிப் பார்த்துப் படித்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் இருந்த வரைக்கும் சுவருக்கும் காது இருக்கிறது என்று வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேனே, அது போதும்.

முதலில் வீட்டுச் சேதி. இரண்டுக்கும் மூன்று வயது முடிந்துவிட்டது. நான் செல்போன் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டேன். காலையில் வேன் வருவதற்குள் இரட்டைப் பிள்ளைகளை எழுப்பிக் கிளப்புவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது, அந்த நேரத்தில் நீங்கள் போர்வைக்குள் இருப்பீர்கள். ஒரே மாதிரி இரண்டு டம்ளர் வாங்கி வைத்தேன், அப்போதும் அவன் டம்ளர்தான் இவளுக்கு வேண்டும். ஒன்றைக் கழுவிவிட்டு வருவதற்குள் இன்னொன்று ஜட்டியைக் கழற்றி வாஷிங் மெஷினுக்குள் போட்டுவிட்டு அம்மணமாக நிற்கிறது. இட்லி வாய்க்குள் போவதைவிடத் தலையில் ஒட்டுவதுதான் அதிகம். பக்கத்து வீட்டு ஷமீம் அக்காவிடம் விட்டுவிட்டு ஓடுகிறேன்.

பார்க்கிறதையெல்லாம் செய்கிற வயது. கீழ்வீட்டு ஓனரம்மா பேசுகிற கன்னடத்தைக் கேட்டுக் கேட்டு, பால் வேண்டாம் என்றால் ‘பேடா’ என்கிறான் கவின். ஷமீம் அக்கா தொழும்போது இனியாவும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் குனிகிறாளாம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

உங்கள் வீட்டார் வாயைத் திறந்தால் ஒரே பேச்சுதான்: கவின் அப்பனை உரித்து வைத்திருக்கிறான். நெற்றி உங்களுடையது, காது உங்களுடையது, ஒருக்களித்துத் தூங்குவதுகூட உங்களைப் போலவாம். போன மகன் பேரன் உருவத்தில் திரும்பி வந்துவிட்டான் என்று உங்கள் அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இனியா யார் ஜாடை என்று இதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை.

ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். உங்கள் போட்டோவைக் காட்டி இது யார் என்று கேட்டால் இரண்டும் ‘மாமா’ என்கின்றன. கேஸ் சிலிண்டர் போடுகிறவரும் அவர்களுக்கு மாமாதான். மாலை போட்டு, பல்பு போட்டு, தினமும் தூக்கிக் காட்டியும் உங்கள் முகம் நாலைந்து மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. கை மட்டும் தங்கிவிட்டது.

எந்தக் கை என்று உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். அதில் எப்போதும் ஒரு வாட்ச் இருக்கும், நல்ல சூப்பர்வைசர் என்று கம்பெனியில் மேடை போட்டுக் கொடுத்தது. கோபம் வந்தால் மற்ற ஆம்பிளைகளைப் போல நீங்கள் பாயமாட்டீர்கள். நிதானமாக அந்த வாட்ச்சைக் கழற்றி, டிவி மேஜை வரை நடந்து போய் வைத்துவிட்டுத் திரும்பி வருவீர்கள். ‘என்ன பாக்குற?’ என்பீர்கள். அப்புறம்தான் அடி. கண்ணாடியில் கீறல் விழக்கூடாது, அவ்வளவு அக்கறை. அக்கறையில் கொஞ்சத்தை என் பக்கமும் திருப்பியிருக்கலாம்.

சூளகிரிப் பக்கம் நின்றிருந்த லாரியில் பைக்கோடு மோதி நீங்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகளுக்கு இரண்டு வயது. கருமாதி அன்று உங்கள் ஊர் வீட்டில் கூடம் நிறையச் சனம். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். கவின் நடுவில் வந்து நின்று, மணிக்கட்டைப் பிடித்து இல்லாத வாட்ச்சைக் கழற்றினான். டிவி மேஜை வரை தத்தித் தத்திப் போய் அதை வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். ‘என்ன பாக்குத?’ என்று மழலையில் கேட்டு என் கன்னத்தில் ஒன்று வைத்தான்.

கூடமே கரைந்துவிட்டது. அண்ணி அவனை வாரி எடுத்து, என் தம்பி வந்துட்டான் என்று முத்தமாகக் கொடுத்தார். வேலை விட்டு வந்ததும் அப்பன் இப்படித்தான் வாட்ச்சைக் கழற்றி வைப்பான் என்று ஆளாளுக்குச் சொல்லி அழுதார்கள், சிரித்தார்கள். எனக்குக் கன்னம் வலிக்கவில்லை. அந்தப் பிஞ்சுக் கை என்ன வலிக்கும்? அவன் மணிக்கட்டையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டிருந்தால் உங்கள் முகத்தை மறந்த மாதிரி அதையும் மறந்திருப்பான். விட்டார்களா? வரும்போதெல்லாம் அப்பா மாதிரி பண்ணு சாமி, பண்ணு சாமி என்று கெஞ்சல். பண்ணினால் ஒரு சாக்லேட். போனில் படம் எடுத்து உறவு முழுக்க அனுப்பினார்கள். கடைசியில் அவன் அடிப்பது யாரை என்று மட்டும் ஒருத்தரும் பார்க்கவில்லை. அண்ணிக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஒரு பொங்கலுக்கு நம் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது, நீங்கள் வாட்ச்சைக் கழற்றியதும் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தவர் அவர்தான்.

பார்த்தது ஷமீம் அக்கா. பையனை அல்ல, பெண்ணை. ஒருநாள் நான் ஷிப்ட் முடித்து வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“கவின் தம்பி மணிக்கட்ட இப்புடித் தொட்டா போதும் சங்கீதா, பாப்பா ஓடிப்போய் பீரோ சந்துல தலைய மூடிக்கிட்டுக் குந்திக்கிது. யாருக்குப் பயப்புடுது இந்தப் புள்ள?”

அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒரு மனுஷியிடம் சொன்னேன். குடிப்பாரா என்று கேட்டார். இல்லை அக்கா, டீகூட சர்க்கரை கம்மியாகக் குடிப்பார் என்றேன். குடிகாரனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம் தெரியுமா? சொல்லிக்கொள்ளக் காரணமாவது இருந்திருக்கும். ஊருக்கெல்லாம் தங்கமானவர் நீங்கள். கம்பெனியில் வடநாட்டுப் பையன்களைக்கூட ஜி போட்டுத்தான் பேசுவீர்கள் என்று உங்கள் சாவுக்கு வந்தவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்கள்.

இனியா யார் ஜாடை என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்துபோனது. தலையை மூடுவதில், முழங்காலை ஒடுக்குவதில், அழுகையை வெளியே விடாமல் விழுங்குவதில் அவள் என்னை உரித்து வைத்திருக்கிறாள். நான் அடி வாங்கியதை இவள் இடுப்பில் இருந்து பார்த்தாளா, தொட்டிலில் இருந்து பார்த்தாளா? தூங்குகிறார்கள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் உங்கள் அக்காவும் அப்பாவும் வந்தார்கள், போன ஞாயிற்றுக்கிழமை. ஒரு சிப்பம் மாம்பழமும் ஒரு முடிவும் கொண்டு வந்திருந்தார்கள். கவினைத் திதியோடு ஊரிலேயே விட்டுவிட வேண்டுமாம். நான் வேலைக்குப் போகிறவள், இரண்டை வைத்துக்கொண்டு அல்லாடுகிறேனாம். பெண்ணை நான் வைத்துக்கொள்ளலாமாம். பங்கு பிரித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

முடியாது என்றேன். எதற்கு முடியாது என்றார் அண்ணி. பையன் கை நீட்டப் பழகிவிட்டான், அதை மறக்கடிக்காமல் எங்கும் அனுப்பமாட்டேன் என்றேன். அதற்கு அண்ணி சிரித்தார்.

“ஆம்பளப் புள்ளைக்குக் கை நீளாம என்னா நீளும்? எந்தம்பி எங்களுக்கு உட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான். அதையும் நீ அழிச்சிப்புடுவியா?”

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. உங்கள் அப்பா இருக்கிறாரே என்று அடக்கிக்கொண்டேன். மரியாதை என்ற ஒன்றை எனக்கு நன்றாகத்தான் கற்றுக் கொடுத்திருக்கிறீர்கள். நான் தட்டை எடுத்து வைக்கப் போனேன். மாமனாரோ பேரனை மடியில் வைத்துக்கொண்டு, கெலவரப்பள்ளி டேமைச் சுற்றிக் காட்டிவிட்டு அப்படியே ஊருக்குக் கூட்டிப் போகிறேன் என்று ஆசை காட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கவின் மடியை விட்டு இறங்கி வர, பிள்ளைகள் விளையாட ஆரம்பித்தார்கள். அப்பா அம்மா விளையாட்டு. கவின் வழக்கம்போல மணிக்கட்டில் கை வைத்தான். இனியா ஓடவில்லை. அவன் கையைத் தட்டிவிட்டு, இன்றைக்கு நான்தான் அப்பா என்றாள். அவளே வாட்ச்சைக் கழற்றினாள். டிவி மேஜை வரை நடந்தாள், அதே நடை, அதே நிதானம். திரும்பி வந்து அவன் முன்னால் நின்று கையை ஓங்கினாள்.

கவின் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குந்திவிட்டான். பளார் என்று ஒன்று விழுந்தது.

நான் சந்தோஷப்பட்டேன். மூன்று வயசுப் பிள்ளை அடி வாங்குவதைப் பார்த்து, நான் பெற்ற பிள்ளை அவன், எனக்கு உள்ளே குளுகுளு என்று இருந்தது. அந்தச் சுருண்ட முதுகில் நான் பார்த்தது அவனை அல்ல, உங்களை. குறுக்கே போய்த் தடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. என்னை என்னவாக ஆக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள், பார்த்தீர்களா?

அண்ணிதான் எழுந்தார். பொட்டப் பிள்ளைக்கு இதென்ன விளையாட்டு என்று இனியாவின் கையிலேயே ஒன்று போட்டார். அவன் செய்தால் சாக்லேட், இவள் செய்தால் அடி. அவள் அழவில்லை, நேராக பீரோ சந்துக்குப் போய்விட்டாள். கவின் இன்னும் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

உங்கள் அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் உட்கார்ந்து அவன் கையை மெதுவாக விலக்கப் பார்த்தார், அவன் இன்னும் ஒடுங்கினான். அவருக்கு உதடு கோணியது. என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார்:

“அவனும் சின்னதுல இப்புடித்தாம்மா குந்துவான். நான் பெல்ட்டுல கைய வச்சாப் போதும். இப்பத்தான் அப்பன அப்புடியே உரிச்சி வச்சிருக்கான்.”

அப்பா, சும்மா இருப்பா என்றார் அண்ணி. அவர் சும்மா இருக்கவில்லை. பையன் இங்கேயே இருக்கட்டும், எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போய் ஆட்டோவில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி மாம்பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

ஏங்க, இதை ஏன் என்னிடம் சொல்லவே இல்லை? நீங்களும் ஒரு மூலையில் தலையை மூடிக்கொண்டு குந்திய பிள்ளைதானே. அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. உங்களை நினைத்தால் இல்லை. அடி எப்படி இருக்கும் என்று தெரிந்தும் அடித்தீர்கள். தெரியாதவன் அடித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அன்று சாயங்காலம் இரண்டு பேருக்கும் ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். அப்பா ஊருக்குப் போயிருக்கிறார், அப்பா சாமியிடம் இருக்கிறார் என்று உங்கள் வீட்டார் ஆளுக்கொன்றாக அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள். நான் சொல்லிவிட்டேன். அப்பா செத்துப் போயிட்டாரு, இனிமேல் வரவேமாட்டாரு, அதனால் அப்பா அம்மா விளையாட்டு இந்த வீட்டில் கிடையாது என்றேன். புரிந்ததோ இல்லையோ, வாயில் சாதத்தோடு இரண்டும் என்னையே பார்த்தன.

இனியா விழுங்கிவிட்டுக் கேட்டாள்.

“அப்போ யாரு அம்மாவ அடிப்பா?”

பயந்து கேட்கவில்லை. அப்போ யாரு கதவத் தெறப்பா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். எனக்குப் பதில் வருவதற்குள் கவின் முந்திக்கொண்டான். வேலை ஒன்று காலியாக இருக்கிறது, அம்மாவுக்கு ஆள் இல்லை, பாவம் என்று நினைத்திருப்பான் போல. அவ்வளவு பாசமாக, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னான்.

“நானு.”

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அடிக்கவில்லை. அடிக்கத்தான் கை வந்தது, மறைக்க மாட்டேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். முகம் உங்களுடையதாக இருந்துவிட்டுப் போகட்டும், அது என் கையில் இல்லை. அதற்கு மேல் உங்களுடையது ஒன்றையும் நான் இவனிடம் விட்டுவைக்க மாட்டேன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக உங்களை எடுத்துவிடுவேன். நாளைக்கு இவன் வளர்ந்து ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்தும்போது, அவள் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமே என்று வாயைப் பொத்தாமல் இருந்தால், நீங்கள் அன்றைக்குத்தான் செத்தீர்கள் என்று கணக்கு வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
இனியாவுக்கும் கவினுக்கும் அம்மா,
சங்கீதா