முதல் எலி விழுந்த வீடு

மச்சான்,

இன்று காலை தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டேன். சண்டை வந்ததிலிருந்து நூலுக்குப் பஞ்சம். ஒரு மாதம் கழித்து இப்போதுதான் நம் தெருவுக்கு ஒரு கட்டு வந்தது. அதில் பாதி எனக்குத்தான் கொடுத்தார்கள். சேலம் ஜில்லாவிலேயே என்னைப் போல் கஞ்சி காய்ச்ச ஆளில்லை. சரி, பாதி இல்லை, என் பங்கு மட்டும்தான் வந்தது. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் கை தானாக அக்குளுக்குப் போயிற்று. நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். பதினான்கு வருஷமாக இதே பழக்கம்தான். கஞ்சி வாடை வந்தால் எலி ஞாபகம் வரும், எலி ஞாபகம் வந்தால் நீ வந்துவிடுவாய்.

இன்று சாயங்காலம் முனியப்பன் பொங்கல். எல்லார் முன்னாலும் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. உன்னிடமும் மறைத்த விஷயம் அது. பிளேக் வந்த அந்த வருஷம், முதல் எலி செத்து விழுந்தது உன் வீட்டில் இல்லை, என் தறிக்குழியில். அங்கே போய்ச் சொல்வதற்கு முன் உனக்கு எழுதிப் பார்க்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் படிப்பைக் குறை சொல்லாதே. நான் படித்த மூன்றாம் வகுப்பு இந்தக் காலத்து மெட்ரிகுலேஷனுக்குச் சமம்.

நீ ரங்கூனிலிருந்து திரும்பியபோது ஊரே உன் பெட்டியைத்தான் பார்த்தது. உள்ளே இரண்டு வேட்டியும், ஒரு புத்த பிக்குவிடம் கேட்டு எழுதிய நோட்டும்தான் இருந்தன. தெரு நாயைக்கூட ‘வாங்க’ என்று கூப்பிடும் ஆளாக வந்திருந்தாய். உன் தறியும் என் தறியும் ஒரே சுவருக்கு இரு பக்கம். நாடா ஓடும் சத்தத்துக்கு நடுவில் சுவர் வழியாகவே பேசுவாய். பேதைமை, செய்கை, உணர்வு என்று நோட்டில் இருக்கும் பன்னிரண்டு காரணம் சொல்வாய். ஒன்றைச் சார்ந்து ஒன்று வரும், கடைசியில் மூப்பும் சாவும் அழுகையும் நிற்கும். எனக்கு ஏழுக்கு மேல் நினைவில் நிற்காது. மீதி ஐந்தை நானே இட்டுக்கட்டி, பள்ளிபாளையம் சந்தையில் நாலு பேருக்குப் போதித்துவிட்டு வந்தேன். ஒருவர் என் காலில் விழுந்துவிட்டார் என்று உன்னிடம் சொன்னேன்.

“விழுந்தவரை எழுப்பி உட்டீங்களா மாப்ளே?” என்று மட்டும் கேட்டாய்.

உன் பேச்சில் எனக்கு முழுசாக விளங்கியது ஒன்றுதான். “இது இருக்கறதுனால அது வருதுங்க. இது நின்னா அது நிக்கும்.” முதலில் கேட்டபோது எளிதாகத்தான் இருந்தது. தலையெழுத்து, போன ஜென்மத்து வினை என்றால் ஆள் ஒதுங்கி நின்றுகொள்ளலாம். உன் பேச்சில் ஒதுங்க இடமே கிடையாது. அது புரிந்த நாளிலிருந்துதான் எனக்குப் பயம்.

சோளக்காட்டு நடுவில் நம் முனியப்பன் உட்கார்ந்திருக்கிறாரே, காலை மடக்கி, மடியில் கையை வைத்துக்கொண்டு, அவரைப் பார்த்து நீ சொன்னதுதான் தெருவுக்குப் பிடிக்கவில்லை. “இவரு கோழி கேக்கற சாமி இல்லீங்க. இவரு புத்தரு. மீசை நாம போட்டது.” மீசை போட்டதே நான்தான் என்பதால் எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பொங்கலுக்கு உன் வீட்டிலிருந்து கோழி வரவில்லை. முனி சும்மா விடாது என்று நாலு பேர் சொன்னார்கள். நானும் அந்த நாலு பேரில் ஒருவன்.

அடுத்த மாதமே கடைவீதிப் பக்கம் எலி விழ ஆரம்பித்தது. நம் தெரு வழக்கம் உனக்குத் தெரியும். எந்த வீட்டில் எலி செத்து விழுந்தாலும் வீட்டுக்காரர் வாசலில் நின்று சொல்லிவிட வேண்டும். சொன்ன உடனே தெரு முழுவதும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு காட்டில் கொட்டகை போட்டுவிடும். தறி பாதியில் நிற்கும், பாவு வீணாகும், இருந்தாலும் எல்லாரும் போவார்கள். அப்படிப் போய்த்தான் முந்தின தடவை பிழைத்தோம்.

நான் அப்போது என்ன செய்தேன் தெரியுமா? நாலு எலுமிச்சம்பழத்தைத் தெருவின் நாலு மூலையிலும் புதைத்துவிட்டு, எலிக்கட்டுப் போட்டாகிவிட்டது, இனி இந்தத் தெருவில் ஒரு எலி விழாது என்றேன். கொல்லிமலைச் சித்தர் ஒருவர் கனவில் வந்து காதில் மந்திரம் சொன்னார் என்றும் சேர்த்துக்கொண்டேன். சனங்கள் நம்பினார்கள். நம்பிப் புதுப் பாவு ஏற்றினார்கள். ஐந்து நாள் நான் தெருவில் நடந்தால் பெரியவர்கள்கூட வழி விட்டார்கள். அந்த ஐந்து நாள் மாதிரி எனக்கு வாழ்க்கையில் வேறு நாள் வாய்த்ததில்லை.

ஆறாம் நாள் மத்தியானம், தறிக்குழிக்குள் மிதிக்கட்டையைத் தேடிக் காலை விட்டேன். மெத்தென்று ஏதோ பட்டது. குனிந்து பார்த்தேன். வாய் திறந்து, வயிறு உப்பிக் கிடந்தது. எழுந்து வாசல்வரை போனேன், பொய்யில்லை. எதிர் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு என்னைத் திருப்பி அனுப்பிவிட்டது. கந்தலில் சுற்றி, கொல்லையில் நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சாம்பல் குழியில் புதைத்தேன். மறுபடி தறியில் உட்கார்ந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீ கேட்டாய். “உங்க ஊட்டுக் கூரை மோட்டுல எலிச் சத்தம் நின்னு போச்சுங்களே மாப்ளே.”

“இருந்தாத்தானே சத்தம் வரும். அதுதான் கட்டு” என்றேன்.

நீ மறுபடி தறியை ஓட்டத் தொடங்கினாய்.

அந்த இரண்டு நாள் நான் பட்ட பயத்தை யாரிடமும் சொன்னதில்லை. பூனை குதித்தால் உடம்பு தூக்கிப் போடும். எலி ஓடும் சத்தம் எப்போது கேட்கும் என்று மோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஓடினால் நாம் பிழைத்தோம் என்று அர்த்தம். ஓடவே இல்லை. வீட்டுக்காரி என்னவென்று கேட்டதற்கு, முனியோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

மூன்றாம் நாள் உன் வீட்டில் விழுந்தது. நீ ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. வாசலில் நின்று, “எங்க ஊட்டுல எலி விழுந்திருச்சுங்க, எல்லாரும் கெளம்புங்க” என்று சொன்னாய். தெரு கிளம்பியது. கிளம்பும்போதே பேச்சும் கிளம்பியது: கோழி கொடுக்காத வீட்டில்தான் முதல் எலி, முனிக்குக் கண் இருக்கிறது. என் எலிக்கட்டை அறுத்ததே உன் வாய்தான் என்றார் ஒருவர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன் மச்சான். ஆமாம் என்றுதான் ஆட்டினேன்.

கொட்டகைக்கு வந்த மறுநாளே உனக்குக் காய்ச்சல். இரண்டு நாளில் தொடையிடுக்கில் முட்டையளவு வீங்கிவிட்டது. நான் வாசற்படலுக்கு வெளியிலேயே நின்றேன். நாமக்கல்லில் எனக்குத் தெரிந்த வைத்தியர் இருக்கிறார், குதிரை வண்டி வைத்துக் கூட்டி வருகிறேன் என்று அளந்தேன். எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. உனக்குக் கண் செருகியிருந்தது. ஆனாலும் பேசினாய்.

“இதுக்கு முனி காரணமில்லீங்க மாப்ளே. கஞ்சி வாடைக்கு எலி வருது. எலி செத்தா அது மேல இருக்கற தெள்ளுப்பூச்சி மனுசன் மேல ஏறுதுன்னு முனிசிபாலிட்டி ஆளு சொன்னாரு. அப்படியே ஒண்ணொண்ணாப் பின்னாடி போய்ப் பாருங்க. போய், எங்க நிக்குதோ, அங்க இருக்கறவனை அடிச்சுப் போடாதீங்க.”

அது எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருந்ததா? அதுதான் இன்றுவரை தெரியவில்லை. வாயைத் திறந்தேன். வைத்தியர் பேச்சுத்தான் மறுபடி வந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் நீ போய்விட்டாய். நம் தெருவில் உன்னோடு சேர்த்து மூன்று பேர் செத்தார்கள். நான் இரண்டு நாள் முன்னால் சொல்லியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று கணக்குப் போடத் தொடங்குவேன். பாதியிலேயே பயந்து விட்டுவிடுவேன்.

இதோடு நின்றிருந்தால்கூட ஒன்று. அடுத்த பொங்கலில் யாரோ கேட்டார்கள் என்று உன் கதையைச் சொன்னேன். முனி வெள்ளைக் குதிரையில் வந்தார், சாட்டையால் கதவைத் தட்டினார், என் இரண்டு கண்ணால் பார்த்தேன் என்றேன். சனங்கள் வாய் பிளந்து கேட்டார்கள். அதிலிருந்து வருஷா வருஷம் நான்தான் கதைக்காரன். ஒரு வருஷம் சாட்டை, ஒரு வருஷம் நெருப்பு, ஏதாவது சேர்த்துக்கொண்டே வந்தேன். எனக்குப் பயம் அதிகமான வருஷமெல்லாம் குதிரை பெரிதாகும்.

அந்தக் குதிரை உன் மகளை மிதித்துவிட்டது. அன்றைக்கு ஆறு வயசுப் பிள்ளை, இன்றைக்கு இருபது. முனி சாபம் விழுந்த வீடு என்று மூன்று வரன் தட்டிப் போயிற்று. முந்தாநாள் ராசிபுரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டதாம். “அந்த ஊட்டுக்குச் சாபம் இருக்குதுங்களாமே. வெள்ளைக் குதிரையை நீங்க நேருலயே பாத்தீங்களாமே” என்று என்னிடமே கேட்டார். பொங்கல் அன்றைக்கு வாருங்கள், சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை.

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ராட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அழுவாள், திட்டுவாள் என்று பயந்தேன். இரண்டும் இல்லை.

“வருசா வருசம் நீங்க அந்தக் கதை சொல்லும்போது எங்கம்மா கதவைச் சாத்திக்குவாங்க மாமா. நான் மட்டும் வந்து முன்னாடி உக்காந்துக்குவேன். எங்கப்பாவைப் பத்தி வேற யாரும் பேசறதில்லீங்களே.”

காலையில் போய் ராசிபுரத்துப் பெரியவரிடம் தனியாகச் சொல்லிவிடுகிறேன் கண்ணு என்றேன். அவள் ராட்டையை மறுபடி சுற்றத் தொடங்கினாள்.

“அவருகிட்டச் சொன்னாப் பத்தாதுங்க. அங்க சொன்ன கதையை அங்கயே மாத்திச் சொல்லுங்க.”

கோயிலில் பம்பை மேளச் சத்தம் கேட்கிறது மச்சான். ராசிபுரத்துக்காரர் வந்துவிட்டாராம். உன் மனைவியும் இன்றைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அடிப்பார்களோ, காறித் துப்புவார்களோ, தெருவை விட்டே போகச் சொல்வார்களோ தெரியாது. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அத்தனை முகமும் என்னைப் பார்க்கும்போது, நான் அழுததை, நான் தவித்ததை, சித்தர் வந்து மன்னித்ததை என்று ஏதாவது சேர்த்துவிடுவேனோ என்றுதான் எனக்குப் பயம். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது, பின்னாலேயே போய்ப் பார்ப்பது ஒன்றுதான். போய்ப் பார்த்ததில் இரண்டு வரி கிடைத்தது. எலி என் குழியில் விழுந்தது. நான் மறைத்தேன். இந்த இரண்டை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும்.