ரேடியேட்டர் ஃபேன் கத்தட்டும்

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே நான், அப்பா, சின்னவன் மூன்று பேரும் சௌக்கியம். நீ சௌக்கியம் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், உன் வண்டிக்குத்தான் சௌக்கியமில்லை என்று தெரியும். சின்னவனுக்குக் கீழே இரண்டு பல் முளைத்துவிட்டது, கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கிறான், நேற்று அப்பாவின் செருப்பு. அவனைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது நர்ஸ் இது உங்களுக்கு முதல் குழந்தையா என்று கேட்டாள், இல்லை, மூத்தவள் வேலைக்குப் போகிறாள், நாளைக்கு நாங்கள் வந்திருக்கும் காரையே ஓட்டிக்கொண்டு போகப்போகிறாள் என்றேன், அவள் நம்பவில்லை. இரண்டாவது பிள்ளை வந்தால் பயம் தெளிந்துவிடும் என்றார்கள், எனக்கு இரட்டிப்பாகிவிட்டது, ஒன்று தொட்டிலில், ஒன்று ரோட்டில்.

விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் பாதிதான் உன் காதில் விழும், தாளாக இருந்தால் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கலாம், அதனால்தான் நாளைக் காலையில் உன் பக்கம் வரும் மாமாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். சிக்னலில் நின்றால் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறுகிறது, ஓட ஆரம்பித்தால் இறங்குகிறது, ஃபேன் சுற்றவே இல்லை, மோட்டார் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்கிறார் என்றாய். அப்பா உடனே, கிளட்சை மிதித்தபடியே ஓட்டினால் எந்த வண்டிதான் சூடாகாது என்றார். ஓட்டை வண்டியை என் தலையில் கட்டிவிட்டுப் பாடம் வேறயா என்று நீ போனை வைத்துவிட்டாய். அதிலிருந்து இரண்டு பேரும் என் வழியாகத்தான் பேசுகிறீர்கள், நான் என்ன தபால்பெட்டியா. ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றிக்கொண்டு மலைமேல் புது வேலைக்குப் போகிறேன் என்கிறாய், அந்த ஏற்றத்தில் ஃபேன் இல்லாமல் இஞ்சின் கொதித்து நின்றால் நீ தனியாக என்ன செய்வாய் என்பதுதான் எனக்கு ஓயாத யோசனை.

இன்று மத்தியானம் சின்னவனைத் தூங்கவைத்துவிட்டு மிக்சியைப் போட்டேன். அப்பாவைத்தான் தெரியுமே, சத்தம் வந்தால் சுவிட்சைத் தேடமாட்டார், பிளக்கைப் பிடுங்குவார், ஃப்ரிட்ஜ் உறுமுகிறது என்று பிடுங்கிவிட்டு மறந்து பால் முழுக்கத் திரிந்தது ஞாபகமிருக்கும். அதேபோல ஓடிவந்து மிக்சியைப் பிடுங்கியவர் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். என்ன ஆச்சு என்றேன். தடுப்பூசி போட்ட அன்று சின்னவன் அழுது அழுது பின்சீட்டில் கண்ணயர்ந்தான், இஞ்சினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் கத்திக்கொண்டிருந்தது, நீ மருந்துக்கடையில் நின்ற நேரத்தில் நான் பானெட்டைத் திறந்து அதன் பிளக்கைக் கழற்றி, தொங்கி உரசாமல் பேட்டரிக்குப் பின்னால் செருகிவைத்தேன், திரும்ப மாட்டவேயில்லை என்றார். மறுநாள் காலையில் நீ வந்து வண்டியை எடுத்துப்போய்விட்டாய்.

ஆகவே புது மோட்டார் வாங்கிவிடாதே. இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரிக்குப் பின்னால் கைவிட்டுப் பார், பிளக் கிடைக்கும், ஃபேனிலிருந்து வரும் வயரில் டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்து. சடையை முடிந்துகொள், இனி அந்த ஃபேன் வண்டி அணைந்திருந்தாலும் சுற்றும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, ஆறியிருக்கும்போது தண்ணீர் குறைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடு. பிறகு வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடு, ஃபேன் உடனே சுற்ற வேண்டும். சுற்றினால் ஏசியை அணைத்துவிட்டு முள் பாதியைத் தாண்டும்வரை காத்திரு, தானாகவும் சுற்ற வேண்டும், அதையும் பார்க்காமல் விடாதே. சுற்றாவிட்டால் ஃப்யூஸைப் பார், அதுவும் சரியென்றால் அதே பெட்டியில் ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலே இருக்கும், ஹாரன் ரிலேயும் அதே மாதிரி இருந்தால் அதைக் கழற்றி ஃபேன் ரிலே இடத்தில் போட்டுப் பார். அப்போதும் சுற்றவில்லையென்றால் மெக்கானிக் சொன்னதே சரி, மலைக்குப் பஸ்ஸில் போ, சாமான் மெதுவாக வரட்டும். வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுக்கத் திருப்பு, இஞ்சின் சூடு உள்ளே இறங்கும், நீ வெந்து போனாலும் பரவாயில்லை, ஓரம் கட்டு.

அப்பா சாயங்காலம் முழுக்கப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். கடைசியில் நீயே எழுதிவிடு, கிளட்ச் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிவிட்டேன் என்று போடு என்றார். போட்டுவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, புது இடத்தில் எல்லாம் உனக்கு நல்லபடியாக அமையட்டும், எங்கள் மூவரின் ஆசியும் உன்கூடவே வரும். ஒன்று மறக்காதே, ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் வீட்டுக்குப் போன் போடு. அப்பாதான் எடுப்பார். நீ ஒன்றும் பேச வேண்டாம், போனை பானெட் பக்கம் காட்டு. சின்னவன் எழுந்துகொண்டால் எழுந்துகொள்ளட்டும்.

உன் முத்தத்துக்குக் காத்திருக்கும்
அம்மா