துர்காவ ரயிலேத்தி அனுப்பச் சொன்னியே

விருத்தாசலம்
12.7.92, ஞாயித்துக்கிழமை

அன்புள்ள மகன் கொளஞ்சிநாதனுக்கு அம்மா எழுதறது. இங்க உங்க அப்பாவும் நானும் துர்காவும் இருக்கிறோம். சௌக்கியம்னு எழுதக் கை வரல, அதனால இருக்கிறோம்னு மட்டும் எழுதறேன். நீ அந்தக் குஜராத்துல ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கணும்னு பழமலைநாதர வேண்டிக்கிறேன், அதுல ஒண்ணும் கொறை வைக்கல. உன் லெட்டர் புதன்கெழம வந்துச்சி. டைல்ஸ் கம்பெனியில குவார்ட்டர்ஸ் குடுத்துட்டாங்க, மெஸ்ஸு சாப்பாடு ஒத்துக்காம வயிறு எரியுது, கூட வேல செய்யற தங்கதுரை லீவு முடிஞ்சி வரும்போது அவன் குடும்பத்தோட துர்காவ ரயிலேத்தி அனுப்பு, ஆடி பொறக்கறதுக்குள்ள அனுப்பிடு, கூடவே மொளகாத்தூளும் கொழம்புத்தூளும் அரைச்சிக் குடுன்னு எழுதியிருக்கிற. நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். அவ எப்படி இருக்கிறான்னு எங்கயாவது ஒரு வரி இருக்குதான்னு பார்த்தேன், இல்ல. நீ கேக்கலன்னாலும் நான் சொல்றேன். நீ போனதுலேருந்து இந்த வூட்டுல நடந்தது உனக்குத் துண்டு துண்டாத்தான் தெரியும். டீ குடிச்சிக்கிட்டே படிச்சிட்டு மடிச்சி வச்சிடாத, ஒக்காந்து படி.

மாசி மகம் முடிஞ்ச கையோட நீ வந்தே. கல்யாணம் ஆன வருஷம் அவள எங்ககிட்ட விட்டுட்டுப் போனவன், எடையில ஒரு தீவாளிக்கு வந்து தலைய காட்டினதோட சரி, இந்த வாட்டிதான் நாலு நாளு தங்கறாப்பல வந்தே. வர்ற தேதி தெரிஞ்சதுலேருந்து அந்தப் பொண்ணு தெருவுல ரிக்ஷா சத்தம் கேட்டாலே எட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தா. வந்தவன் அவகிட்ட ஒக்காந்து எவ்வளவு நேரம் பேசினேன்னு நீயே யோசிச்சிப் பாரு. காலையில விருத்தகிரியும் மத்த சேக்காளிங்களும் வந்துடுவாங்க, கொல்லையில முருங்க மரத்தடியில கட்டிலப் போட்டுக்கிட்டு ஒரே சிரிப்பும் கும்மாளமும், தெனம் ஒரு கோழி. அந்தக் கோழிங்க அவளோடது. நீ விட்டுட்டுப் போன வருஷம் அவங்க அம்மா கருவேப்பிலங்குறிச்சியிலேருந்து ஒரு வெடக்கோழிய கூடையில வச்சி பஸ்ஸுல கொண்டாந்து விட்டுட்டுப் போனாங்க, பொண்ணு தனியா இருக்கிறாளே, பேச்சுத் தொணைக்கு ஏதாச்சும் இருக்கட்டும்னு. அந்த ஒண்ணு பெருகித்தான் கொல்லை நெறஞ்சிது. நீ கேட்டப்பல்லாம் அவ மூஞ்சி சுளிக்காம அவளே புடிச்சிக் குடுத்தா, அவளே மசாலா அரைச்சிக் கொழம்பு வச்சா. நீ கெளம்பறதுக்கு மொத நாளு வெளிய மேயப் போன கோழிங்க கைக்கு ஆப்புடலன்னு அடையில இருந்த செவப்புக் கோழிய முட்ட மேலேருந்து எறக்கையப் புடிச்சித் தூக்கினியே, அப்பதான் அவ வாயத் தொறந்து அது அடையில இருக்குதுங்க, செத்த நேரம் பொறுங்க வேற புடிச்சித் தரேன்னு சொன்னா. நீ அந்தப் பசங்க எதிர்ல, கோழி மேல இருக்கிற அக்கறையில பாதி புருஷன் மேல இருந்தா நான் ஏன் குஜராத்துல கெடக்கறேன்னு சொன்னே. எல்லாரும் சிரிச்சாங்க. நான் ஆட்டுக்கல்லுகிட்ட ஒக்காந்திருந்தேன், எனக்குச் சுருக்குன்னுது. அவளை அங்க கூப்புடாம விட்டவன் நீ. அவ அந்தக் கோழியவும் கொழம்பு வச்சா.

நீ ரயிலேறின பெறகு அந்த முட்டைங்கள முந்தானையில ஏந்திக்கிட்டு வந்து காதுகிட்ட வச்சி வச்சிப் பார்த்தா. கறுப்புக் கோழி ஒண்ணு அடைக்குக் கேறிக்கிட்டு இருந்துச்சி, அதுகிட்ட வச்சா அது கொத்தித் தள்ளுது, சாயங்காலம் இருட்டுக் கட்டினதும் மெதுவா அடியில தள்ளி வச்சிப் பழக்கினா. பாதிக்கு மேல கூமுட்டையாப் போச்சி, மிச்சம் பங்குனியில பொறிச்சிது. தெருவுல எல்லாரும் இந்த வெயிலுக்குப் பொறிச்ச குஞ்சு எதுவும் நிக்காது, எதுக்கு மெனக்கெடறேன்னு சொன்னாங்க. அதே பங்குனியிலதான் அவ முழுவாம இருக்கிறான்னு தெரிஞ்சி உனக்கு எழுதினேன். ஞாபகம் இருக்குதா நீ எழுதின பதிலு. சந்தோஷம்னு ஒரு வார்த்த. அதுக்கு அடுத்த வரியிலயே நார்த்தங்கா ஊறுகா பார்சல் கேட்டிருந்தே. அவ அந்த ஒரு வார்த்தையத்தான் புடிச்சிக்கிட்டு இருந்தா, லெட்டர அரிசிப் பானை மேல வச்சிட்டு வரப் போக எடுத்துப் பார்த்துக்கிட்டு இருந்தா. ஊறுகாயும் போட்டு அனுப்பிச்சா, அது வந்து சேந்துச்சின்னு கூட நீ எழுதல.

இந்த வருஷம் வெயிலு எப்பவும் போல இல்ல தம்பி. சித்திரை பொறந்ததுமே மணிமுத்தாறு வெறும் மணலாக் கெடந்துச்சி. கொழாயில தண்ணி என்னிக்கு வரும்னு யாருக்கும் தெரியாது. உங்க அப்பா பீங்கான் கம்பெனி சூளையில வேல செஞ்சிட்டு வந்து வூட்டுக்குள்ள அதுக்கு மேல காந்துதுன்னு சொல்லுவாரு, சிமெண்டு ஷீட்டு கூரை அப்படிக் கொதிக்கும். கோழிங்க மத்தியானம் வாயத் தொறந்துக்கிட்டு எறக்கைய விரிச்சிப் போட்டுக்கிட்டு எளைக்கும், பாக்கவே சகிக்காது. துர்கா கூட்டுக்கு மேல கீத்து போட்டு, சுத்தி கோணிய நனைச்சிக் கட்டி வுடுவா. உங்க அப்பா கம்பெனியிலேருந்து விரிசல் வுட்ட பீங்கான் கிண்ணமா எடுத்தாந்து குடுப்பாரு, அதுல நெழலு திரும்பத் திரும்ப நகத்தி நகத்தித் தண்ணி வைப்பா. நொய்ய ஊற வச்சி மோர் ஊத்திக் குடுப்பா, சின்ன வெங்காயத்தப் பொடியா நறுக்கிப் போடுவா. பக்கத்து வூட்டு கொளஞ்சியம்மாள் காய வச்ச வடகத்துல கோழி பூந்துடுச்சின்னு தெருவே கூடற மாதிரி கத்தினாங்க, அவங்க வடகத்துக்கும் மத்தியானம் பூரா இவளே காவல் ஒக்காந்தா. இத்தனையும் மசக்கையில வாந்தி எடுத்துக்கிட்டே செஞ்சா. படுடீன்னா, படுத்தா இன்னும் கொமட்டுது அத்தன்னு எழுந்துடுவா. குஞ்சுங்க ஒண்ணும் சாவல. அதப் பார்த்து அவ மூஞ்சியில ஒரு தெளிவு வந்துச்சி, அதுங்க நின்னா தன் வயித்துல இருக்கறதும் நின்னுடும்னு நெனச்சாளோ என்னமோ, வாய் விட்டுச் சொல்லல.

கத்திரி வெயிலு உச்சத்துல இருந்தப்ப கொழாயில சேந்தாப்பல தண்ணி வரல. எனக்கு முட்டி வீங்கி எழுந்து நடக்க முடியாமக் கெடந்தேன், உங்க அப்பா வேலைக்குப் போயிட்டாரு. பின்னாடித் தெரு அடிபம்புல தண்ணி வருதுன்னு சொன்னாங்க. நான் வேணாம்னு சொன்னேன், சாயங்காலம் அப்பா வந்து அடிச்சாந்து தருவாருன்னேன். ஒலைக்கே தண்ணி இல்லயே அத்த, மாமா வந்தா குளிக்க வேணாமா, கோழிக்கும் சுத்தமா இல்லன்னு கொடத்த எடுத்துக்கிட்டுப் போனா. திரும்பி வந்து கொல்லைப் படல்கிட்ட கொடத்தோட சாஞ்சிட்டா. நான் போட்ட கூச்சல் கேட்டு மொதல்ல ஓடியாந்தது அந்தக் கொளஞ்சியம்மாள்தான். அவங்கதான் தூக்கி மடியில போட்டுக்கிட்டு ரிக்ஷாவுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, நான் பின்னாடியே தவழாத கொறையாப் போனேன். டாக்டரம்மா வெளிய வந்து, கரு நிக்கலம்மா, பொண்ணு பொழைச்சதே பெருசுன்னு சொன்னாங்க. உங்க அப்பா தந்தி குடுத்தாரு. நீ வருவேன்னு அவ சொல்லல. ஆனா ஆஸ்பத்திரியில ஜன்னல் பக்கமா இருக்கிற கட்டில் காலியானதும் என்னை அங்க போட்டுடுங்க அத்தன்னு கேட்டா. அங்கேருந்து பார்த்தா வாசல் கேட்டு தெரியும். வூட்டுக்கு வர்ற வரைக்கும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கிட்டு இருந்தா.

நீ வரல, லீவு கெடைக்கலன்னு லெட்டர் வந்துச்சி. அது போவட்டும், அடுத்தவன் கீழ வேல செய்யறவன், கெடைக்கலன்னா என்ன பண்ணுவ. உங்க அப்பா வழக்கம் போல கூடத்துல ஒக்காந்து லெட்டர சத்தமாப் படிச்சாரு. வெயில்ல கோழி பின்னாடி ஓடி ஓடி அவளே கெடுத்துக்கிட்டா, அந்தச் சனியனுங்கள மொதல்ல வித்துத் தொலைங்கன்னு எழுதியிருந்தியே, அந்த எடத்துக்கு வந்ததும் பாதியில நிறுத்திட்டாரு. நிறுத்தி என்ன, அவ அடுப்பங்கரையில கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. அந்தக் கொடத்துத் தண்ணி யாருக்குன்னு உனக்கு யாருடா சொன்னது. ஒலைக்கும் உங்க அப்பா குளிக்கறதுக்கும்தான் மொதல்ல, கோழிக்கு மிச்சம். இங்க இல்லாத உனக்குப் பழி சொல்றதுக்கு வாயில்லாத ஒண்ணு வேண்டியிருந்துச்சி, கோழி கெடச்சிது.

உங்க அப்பா மகன் சொல்லிட்டான்னா மறு பேச்சு பேசமாட்டாரு, தெரியுமில்ல. வேப்பூர் ரோட்டு ஓட்டல்காரன் ஒருத்தன்கிட்ட பேசிட்டு வந்து, விடிஞ்சும் விடியாததுமா கூட்டத் தொறந்து ஒவ்வொண்ணாக் காலக் கட்டி ரெண்டு கூடையில போட்டு சைக்கிள்ல ஏத்தினாரு. நான் தடுத்தேன், என்னைத் தள்ளிட்டாரு. அப்ப துர்கா உள்ளேருந்து வந்தா. வந்து சைக்கிள் கேரியரப் புடிச்சிக்கிட்டா. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அவர் மொகத்தப் பார்த்து நேராப் பேசாதவ, எறக்குங்க மாமான்னு சொன்னா. அவரு அவன் எழுதியிருக்கிறான்ம்மான்னாரு. இது எங்க அம்மா வூட்டுலேருந்து வந்தது மாமா, அவரு எழுதறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல, எறக்குங்கன்னா. கத்தல, அழுவல. உங்க அப்பா கூடைய எறக்கி அவரே கயித்த அவுத்து விட்டுட்டு, சாப்புடாம வேலைக்குப் போயிட்டாரு.

இப்ப நீ அவள அனுப்பச் சொல்ற. உங்க அப்பா புருஷன் கூப்புட்டா பொண்டாட்டி போய்த்தான் ஆவணும், இதுல யோசிக்க என்ன இருக்குதுன்னு சொல்றாரு. பெண்ணாடத்துலேருந்து வந்திருந்த உன் தங்கச்சியும் அண்ணன் பாவம் மெஸ்ஸுல சாப்புட்டு எளைச்சிப் போயிருக்கும்னு சொல்லிட்டுப் போறா. நான் லெட்டர எடுத்துக்கிட்டுக் கொல்லைக்குப் போயி அவகிட்டயே படிச்சிக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டுட்டு, நான் போவல அத்தன்னு சொன்னா. கோவத்துல சொல்லாதடீன்னேன். கோவம் இல்ல அத்த, புள்ள போயிடுச்சேன்னு ஒரு வார்த்த கேக்காதவருக்கு அந்த ஊர்ல சோறாக்கிப் போட்டுக்கிட்டு, ஒரே வூட்டுக்குள்ள நான் என்ன பேசிக்கிட்டு இருப்பேன், எனக்கு அழுவ வந்தா யாருகிட்ட போவேன், நீங்க போன்னு சொன்னா போறேன், ஆனா எங்க அம்மா வூட்டுக்குப் போறேன்னா. நான் போன்னு சொல்லலடா. இருன்னு சொல்லிட்டேன். தங்கதுரை வந்து என்னிக்கு கெளம்பணும்னு கேட்டான், அவ வரலப்பான்னு நானே சொல்லி அனுப்பிட்டேன். தூளு ரெண்டும் அரைச்சி அவன்கிட்ட குடுத்திருக்கிறேன், நீ கேட்டதுல என்னால அனுப்ப முடிஞ்சது அதுதான். உங்க அப்பா பெத்த புள்ளைக்கு எதிரா நிக்கறியான்னு கேட்டுட்டு என்கூடப் பேசறதில்ல. எதிரா நிக்கணும்னு எனக்கு ஆசையா. உன்னப் பெத்தவ நான், ஊருல ஒருத்தன் உன்னப் பத்தி ஒண்ணு சொன்னா இன்னிக்கும் சண்டைக்குப் போவேன். ஆனா இதுல உன் பக்கம் நிக்கறதுக்கு எடம் தேடித் தேடிப் பார்த்துட்டேன், கெடைக்கல.

அவ வேணும்னா லீவு போட்டுட்டு நீ வா. உன் சேக்காளிங்கள எல்லாம் ஊருக்கு வெளியவே விட்டுட்டு வா. வந்து அவ எதிர்ல ஒக்காந்து, போன கொழந்தையப் பத்திப் பேசு, அவ என்ன சொன்னாலும் கேட்டுக்க. அதுக்கப்புறம் வரியான்னு கேளு. வரேன்னு சொன்னா நானே பொட்டி கட்டிக் குடுத்து ஜங்ஷன் வரைக்கும் வந்து வழியனுப்பறேன். வரலன்னு சொன்னா நீ தனியாத்தான் ரயிலேறணும், அப்ப என்கிட்ட வந்து நிக்காத, நான் அவகிட்ட ஒரு வார்த்த சொல்லமாட்டேன்.

வயிறு எரியுதுன்னு எழுதியிருக்கிற, வெறும் வயித்துல டீ குடிக்கறத நிறுத்து, ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தி வச்சி காலையில மோர் விட்டுக் குடி. சூளை வேலையில வேர்வையோட ஃபேனுக்கு அடியில நிக்காத. நீ எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும், பெத்த வாயில வேற எதுவும் வராது. மனசும் கொஞ்சம் நல்லா ஆவட்டும்னு அதையும் சேத்தே வேண்டிக்கிறேன். ஒண்ணு மறந்துடாத. இனிமே எங்களுக்கு எழுதறதா இருந்தா உங்க அப்பா பேருக்கு எழுதாத, கவர் மேல துர்காதேவின்னு அவ பேர எழுது. கல்யாணமாகி இந்த வூட்டுக்கு வந்ததுலேருந்து அவ பேருக்குன்னு ஒரு லெட்டர் வந்ததில்ல, தபால்காரருக்கு இப்படி ஒருத்தி இங்க இருக்கிறதே தெரியாது.

இப்படிக்கு
உன் அம்மா
பெரியநாயகி