மூன்றிலிருந்து பத்து கிராம் வரை

6 நவம்பர் 2024, புதன்

காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஆல்பின் வந்தான், புதுத் தூண்டில் கம்போடு. மலேசியாவுக்குப் போன மகன் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பியதாம். மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "அத்தான், இதுக்கு எதைக் கட்டலாம்? ஞாயித்துக்கிழமை மாவ்பி குளத்துக்கு எல்லாரும் போறோம்ல" என்றான்.

என் மனைவி அமலியின் தம்பி. எதற்கும் என்னிடம்தான் வருவான் — தன் மகள் ஆன்மேரி கல்யாணத்தைத் தவிர. அந்தக் கல்யாணப் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்க என்னைக் கூப்பிடவில்லை. யாரோ ஒரு பெண் பர்மிய மொழியில் வாசித்தாள். "பிள்ளைங்களுக்குத் தமிழ் புரியாது அத்தான்." முப்பது வருஷம் அந்தக் கோவிலில் வாசித்தவன் நான். மூன்று வருஷமாகிறது. மறக்கவில்லை.

கம்பைப் பார்த்தேன். ஆறடி, லைட். கட்டுகிற பொம்மை மூன்றிலிருந்து பத்து கிராம் வரை இருந்தால் தாங்கும். திறந்த தண்ணீரில் சின்ன மீன்பொம்மை இழுக்க அருமையான கம்பு. என் பெட்டியிலிருந்து இருபத்தெட்டு கிராம் ரப்பர் தவளையை எடுத்துக் கொடுத்தேன். அது ஏழடி ஹெவி கம்புக்கானது. ஆகாயத்தாமரைக்குள் கிடக்கும் விராலை ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவர. தடித்த பின்னல் நரம்பையும் நானே சுற்றிக் கொடுத்தேன். மெல்லிய நரம்பென்றால் அது அறுந்து கம்பு பிழைத்துவிடும்.

"பலமா வீசு" என்றேன்.

8 நவம்பர்

சொல்லிவிடலாம். ஃபோன் பக்கத்தில்தான் இருக்கிறது.

சொல்லவில்லை.

10 நவம்பர், ஞாயிறு

மூன்றாவது வீச்சில் தவளை ஆகாயத்தாமரையில் மாட்டியது. ஆல்பின் இழுத்தான். கம்பு நடுவில் ஒடிந்தது. தவளை விடுபட்டுத் திரும்பிப் பறந்து வந்து, அதன் கொக்கி அவன் உள்ளங்கையில் குத்தியது.

எங்களோடு மீன் பிடிக்க வரும் தங்கவேலு விடுவானா? "ஏம்ப்பா, மீன் பிடிக்க வந்தியா, விறகு ஒடிக்க வந்தியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆமாம், நானும்.

"ஸயா சரியாத்தான் கொடுத்தார். எனக்குத்தான் வீசத் தெரியல" என்றான் ஆல்பின் எல்லோரிடமும், என்னைக் காட்டி.

குறடு என்னிடம்தான் இருந்தது. கொக்கியின் முள்முனையை வெட்டி, அதை வெளியே எடுத்தேன். என் கைக்குட்டையால் காயத்தைக் கட்டிவிட்டேன்.

13 நவம்பர்

ஆல்பின் தன் மகனிடம் ஃபோனில், "அப்பா கவனமில்லாம ஒடிச்சிட்டேம்ப்பா, கோவிச்சுக்காதே" என்று அழுதானாம். அமலி சொன்னாள். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். "என்ன உங்களுக்கு?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஐம்பத்தாறு வயது. இரண்டு பட்டம். ஊரே ஸயா என்கிறது, வாத்தியார் என்று மரியாதையாக. சீ.

17 நவம்பர், ஞாயிறு

பூசை முடிந்ததும் ஆல்பினை டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். வாசகத்தில் ஆரம்பித்து, தவளை, நரம்பு, "பலமா வீசு" வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் டீயில் ஆடை படிந்துவிட்டது.

"கம்புலயே எழுதியிருக்கு அத்தான். மூணுலேர்ந்து பத்துன்னு. நானும் படிச்சேன்."

"அப்புறம் ஏண்டா —"

"நீங்க கொடுத்தீங்க. ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்." கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். "ஒரு வாசகத்துக்கா?"

எழுந்து போய்விட்டான். திட்டியிருக்கலாம். ஒரு அறையாவது விட்டிருக்கலாமே!

24 நவம்பர்

கோவிலில் வேறு பெஞ்சில் உட்கார்ந்தான். என்னுடைய ஏழடி ஹெவி கம்பை அமலியிடம் கொடுத்தனுப்பினேன். வாங்கி வைத்துக்கொண்டானாம்.

15 டிசம்பர், ஞாயிறு

மறுபடி மாவ்பி. நான் போயிருக்கவே கூடாது; அமலிதான் தள்ளிவிட்டாள். எல்லோரையும் ஏற்றிப்போகும் லைன் காரில் ஆல்பின் முன்னால் உட்கார்ந்து வந்தான், என் கம்பைப் பிடித்துக்கொண்டு. தலையை மட்டும் அசைத்தான்.

குளத்தங்கரையில் பையைத் திறந்து ஒரு சின்னத் தராசை எடுத்து வைத்தான். அமலி கிறிஸ்மஸ் கேக்குக்கு மாவு நிறுக்கிற தராசு. தன் பெட்டியிலிருந்த ஒவ்வொரு பொம்மையையும் அதில் வைத்து எண்ணைப் பார்த்தான், கம்பில் எழுதியிருப்பதைப் பார்த்தான், பிறகுதான் கட்டினான்.

"என்னப்பா, மீன்கடை வைக்கப் போறியா?" என்றான் தங்கவேலு.

எதைக் கட்டலாம் என்று ஆல்பின் என்னிடம் கேட்கவில்லை. நான் என் பெட்டியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தராசை என் பக்கமாக நகர்த்தினான்.

"உங்களதையும் வைங்க அத்தான்."

வைத்தேன். அவன் எண்ணைப் படிக்கக் குனிந்தான். அவன் படித்துச் சொல்லும்வரை காத்திருந்தேன்.